அடிபட்டவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஆனித் திருமஞ்சனத்துக்காக இருக்கலாம். அண்ணாமலை நகரில் படிக்கிற பெண்ணை விடுதியில் விட்டு வருவதற்காகவும் இருக்கலாம். ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு கூட்டம். பைக் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ரத்தத்தோடு ஓர் ஆள். உங்கள் கால் தானாகவே பிரேக்கை அழுத்துகிறது. உடனே பக்கத்து சீட்டிலிருந்து குரல் வருகிறது. "ஏங்க, நமக்கெதுக்கு வம்பு? அப்புறம் போலீஸு, கோர்ட்டுனு யார் அலையறது? யாராவது நூத்தியெட்டுக்கு போன் பண்ணியிருப்பாங்க. நீங்க வண்டியை எடுங்க!"

அந்தக் குரலைக் கல்நெஞ்சு என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊர் நடுத்தரக் குடும்பம் வேறு எதற்குப் பயப்படுகிறதோ இல்லையோ, போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கும் கோர்ட் சம்மனுக்கும் நிச்சயம் பயப்படும். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததும் இல்லை. உதவப் போனவரையே 'நீதான் இடிச்சியா?' என்று கேட்ட காலம் உண்டு. 'அட்வான்ஸ் கட்டுங்க' என்று ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்க வைத்த காலமும் உண்டு. 2013-ல் 'சேவ்லைஃப் பவுண்டேஷன்' என்ற டெல்லி அமைப்பு சில நகரங்களில் ஆய்வு நடத்தியது. நான்கு பேரில் மூன்று பேர், அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவத் தயங்குவோம் என்றுதான் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் சொன்ன காரணம் சட்டச் சிக்கல் பயம்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமே இல்லை. உச்ச நீதிமன்றம் 1989-ல் ஆரம்பித்து 2025 வரை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டே வந்திருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். தெரியாததால் போவது உயிர் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

ஒரு மணி நேரக் கணக்கு

முதலில் டாக்டர்கள் ஏன் அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'கோல்டன் அவர்' என்பார்கள். நாம் பொன்னான நேரம் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் அடிபட்டவர் இறப்பது பெரும்பாலும் எலும்பு முறிந்ததால் அல்ல. ரத்தம் நிற்காமல் போவதால், மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்தோ வாந்தி அடைத்தோ மூச்சு நின்றுபோவதால், மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துவதால்தான். இந்த மூன்றுக்கும் டாக்டரிடம் வழி இருக்கிறது. ஆனால் நேரம் போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்த ஒருவர் வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாமல் 'எனக்கு ஒண்ணுமில்லைங்க' என்று எழுந்து உட்கார்ந்து பேசுவார். அரை மணி கழித்து அப்படியே சரிவார்.

விபத்தில் இறப்பவர்களில் பாதிப்பேர் வரை, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று சட்ட ஆணையத்தின் 201-வது அறிக்கை (2006) எடுத்துச் சொன்னது. நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். பாதி என்றால் எத்தனை வீடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பொன்னான நேரம் இப்போது மருத்துவப் புத்தகத்தில் மட்டும் இல்லை, சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், காயம்பட்டதிலிருந்து ஒரு மணி நேரம் என்று அதற்கு விளக்கமே எழுதிவிட்டார்கள்.

20 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆஸ்பத்திரி

எல்லாம் ஆரம்பித்தது ஒரு பத்திரிகைச் செய்தியில். ஸ்கூட்டரில் போன ஒருவரை வேகமாக வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். "இது போலீஸ் கேஸ். நாங்க பார்க்க முடியாது. 20 கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஆஸ்பத்திரி இருக்கு, அங்கேதான் இந்த மாதிரி கேஸ் எடுப்பாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. இதைப் படித்துக் கொதித்துப்போன பரமானந்த் கடாரா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்.

1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. உயிரைக் காப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அரசின் மேல் வைத்திருக்கும் கடமை. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, எதிரே கிடப்பவரின் உயிரைக் காக்க வேண்டியது அவருடைய தொழில் கடமை. அதற்குக் குறுக்கே எந்தச் சட்ட நடைமுறையும் வரக்கூடாது. முதலில் சிகிச்சை, அப்புறம்தான் போலீஸ், காகிதம் எல்லாம். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று சொல்வதும் செல்லாது.

இந்தக் கடைசி விஷயம் நம் பக்கத்துக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். கடலூருக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் பாலம் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். எல்லையில் நடக்கும் விபத்தில் எந்த ஸ்டேஷன் எல்லை, எந்த மாவட்டம் என்று போலீஸார் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். டாக்டர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அதே தீர்ப்பில் டாக்டர்களுக்கும் நீதிபதிகள் ஒரு நியாயம் செய்தார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிட்டு நாள்கணக்கில் கோர்ட் வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள், தேவையில்லாமல் அலைக்கழிக்காதீர்கள் என்றார்கள். டாக்டர்கள் 'போலீஸ் கேஸ்' என்றதும் பின்வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்தானே!

இத்தனைக்குப் பிறகும் 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை, கொல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி அனுப்பின. ஒரு இடத்தில் படுக்கை இல்லை, இன்னொரு இடத்தில் வசதி இல்லை. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசிடம் பணம் இல்லை என்பதெல்லாம் உயிர் விஷயத்தில் சாக்கு ஆகாது என்றும் சொன்னது.

'பதினைந்தாயிரம் கட்டுங்க!'

தனியார் ஆஸ்பத்திரி என்றால்? இதற்கு ஒரு வழக்கைச் சொன்னால் போதும். 2001 ஜனவரியில் கொல்கத்தாவில் பஸ் மோதி ஒரு இன்ஜினீயரிங் மாணவர் அடிபட்டார். தெருவில் இருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். சிகிச்சை ஆரம்பித்தது. பிறகு 15,000 ரூபாய் கட்டினால்தான் மேற்கொண்டு பார்ப்போம் என்றார்கள். கூட்டிவந்தவர்கள் கையிலிருந்த 2,000 ரூபாயைக் கொடுக்க முன்வந்தார்கள். அது போதவில்லை. சுமார் முக்கால் மணி நேரத்தில் சிகிச்சை நின்றது. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் பையன் இறந்துபோனான். அவனிடம் மருத்துவ இன்ஷூரன்ஸ் அட்டைகூட இருந்தது!

பெற்றோர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'அவர் எங்களிடம் பணம் கட்டவே இல்லையே, அப்புறம் எப்படி நுகர்வோர் ஆவார்?' என்பது மருத்துவமனையின் வாதம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2005-ல் இதைத் தள்ளிவிட்டு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உயிருக்குப் போராடுகிறவரிடம் பணத்துக்காகப் பேரம் பேசி, ஆரம்பித்த சிகிச்சையை நிறுத்தியதை ஆணையம் மன்னிக்கத் தயாராக இல்லை.

தனியார் மருத்துவமனைகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ரத்தம், மருந்து, தியேட்டர், ஆள் எல்லாமே செலவு. பேர் தெரியாத நோயாளிக்காக அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'சேவை செய், சேவை செய்' என்று மட்டும் சொன்னால் நடக்காது. பதில் வர 2025 ஆனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2016: உதவ வந்தவருக்குக் கவசம்

இதுவரை சொன்னதெல்லாம் டாக்டரின் கடமை. ரோட்டில் காரை நிறுத்திய உங்களுக்கு என்ன பாதுகாப்பு?

பியூஷ் திவாரி என்ற டெல்லிக்காரரின் சின்ன வயசு உறவுக்காரப் பையன் 2007-ல் ரோட்டில் அடிபட்டு, உதவி கிடைக்காமலே இறந்துபோனான். அந்த வேதனையில் அவர் ஆரம்பித்ததுதான் முன்னே சொன்ன சேவ்லைஃப் பவுண்டேஷன். அவர்கள் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் கேட்டுக்கொண்டதால் மத்திய அரசு 2015 மே மாதம் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை நாடு முழுவதும் கட்டாயமாக்கித் தீர்ப்பளித்தது. பிறகு 2019-ல் நாடாளுமன்றமே மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று புதுப் பிரிவைச் சேர்த்தது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன.

நல்ல மனதோடு, தானாக முன்வந்து, எந்தப் பிரதிபலனும் எதிர்பார்க்காமல் அடிபட்டவருக்கு உதவுகிறவரை இந்தச் சட்டம் 'குட் சமாரிட்டன்' என்கிறது. பைபிள் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் ஒதுங்கிக் கடந்துபோக, யாரும் மதிக்காத ஒரு சமாரியன் நின்று காப்பாற்றினானே, அவன் பெயர்தான். தமிழ்நாட்டில் 'நற்கருணை வீரர்' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது, உங்கள் வீட்டில் எழும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"பேர், விலாசம் கேட்பாங்களே?" கேட்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று போலீஸாரோ வேறு யாருமோ கட்டாயப்படுத்த முடியாது. 108-க்கு போன் செய்தாலும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டரில் 'கூட்டி வந்தவர்' யார் என்று எழுதுவார்கள் அல்லவா? அதில் உங்கள் பெயர் வருவதும் உங்கள் விருப்பம்தான்.

"பணம் கட்டச் சொல்வாங்களே?" நீங்கள் அடிபட்டவரின் சொந்தக்காரராக இல்லாதவரை, பதிவுக்கோ அட்மிஷனுக்கோ உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

"ஆஸ்பத்திரியிலேயே உட்கார வச்சுடுவாங்களே?" வைக்க முடியாது. சேர்த்த கையோடு நீங்கள் கிளம்பலாம். விபத்தைக் கண்ணால் பார்த்தவர் என்றால் மட்டும் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தது 2015 விதி. 2020 விதிகளோ, பெயரும் விலாசமும் தானாக விரும்பிச் சொன்னால்தான் என்கின்றன.

"நாம தூக்கும்போது ஏதாவது ஆயிடுச்சுன்னா?" நியாயமான பயம்தான். காரில் ஏற்றும்போது காயம் அதிகமாகலாம், வழியிலேயே உயிர் போகலாம். நல்லெண்ணத்தோடு உதவியதில் அப்படி நடந்துவிட்டால் அதற்காக உங்கள் மேல் சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. 134-ஏ பிரிவின் உயிர்நாடியே இதுதான்.

"சாட்சி சொல்லக் கூப்பிட்டா?" நீங்களாக விரும்பிச் சாட்சியாக ஒத்துக்கொண்டால்தான் அந்தப் பேச்சே. அப்போதும் போலீஸார் உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்கள் வீட்டிலோ ஆபீஸிலோ, மஃப்டியில் வந்து விசாரிக்க வேண்டும். ஒரே தடவையில் முடிக்க வேண்டும். பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. மீறித் தொல்லை கொடுக்கிற அதிகாரி மேல் துறை நடவடிக்கை எடுக்க விதியில் இடம் இருக்கிறது.

இந்த உரிமைகளை எல்லாம் ஆங்கிலம், இந்தி, அந்தந்த ஊர் மொழி மூன்றிலும் எழுதி ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் மாட்டி வைக்க வேண்டும் என்பதும் விதி. அடுத்த முறை ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 'இது மாட்டணுமே சார்' என்று நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. இடித்த வண்டியை ஓட்டியவருக்கு இந்தக் கவசம் கிடையாது. அவருக்கு இருப்பது 134-வது பிரிவு சொல்லும் கடமை. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது, நிற்க முடியவில்லை என்றால் அதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் போய்ச் சொல்லியாக வேண்டும். வீட்டில் புதிதாக வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

பணம் யார் கொடுப்பது?

இப்போது அந்த 2025 விஷயத்துக்கு வருவோம். இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. வழக்குப் போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிப்போன கால் கைகளை ஆபரேஷன் தியேட்டரில் தினம் தினம் பார்த்துச் சலித்த ஒரு டாக்டர், 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அந்த ஒரே மனுவில் இன்றுவரை உத்தரவுகள் வந்துகொண்டிருக்கின்றன.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-வது பிரிவு, பொன்னான நேரத்தில் பணமில்லாச் சிகிச்சைக்கு மத்திய அரசு திட்டம் போட வேண்டும் என்கிறது. பிரிவு 2022 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்துவிட்டது. திட்டம் மட்டும் வரவில்லை. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசி இருவரும் 2025 ஜனவரி 8-ல், 'மார்ச் 14-க்குள் திட்டம் வந்தாக வேண்டும்' என்று கெடு வைத்தார்கள். கெடு தாண்டியது. சாலைப் போக்குவரத்துத் துறைச் செயலாளரையே நேரில் வரவழைத்துக் கேட்டார்கள். அதன்பிறகுதான் 2025 மே 5-ல் திட்டம் அரசிதழில் வந்தது.

இதன்படி நாட்டில் எந்தச் சாலையில் மோட்டார் வண்டி விபத்தில் அடிபட்டாலும், ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். சேராத ஆஸ்பத்திரி என்றால், நோயாளியின் நிலைமையைத் தாங்க வைப்பதற்கான சிகிச்சை மட்டும்தான் இதில் வரும்.

தமிழ்நாடு இதை முந்திக்கொண்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. பிச்சாவரம் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு.

இதிலெல்லாம் குறையே இல்லையா? இருக்கிறது. தலைக்காயத்தோடு ஐ.சி.யு.வில் மூன்று வாரம் கிடப்பவருக்கு 7 நாளும் 1.5 லட்சமும் எந்த மூலைக்கு? சட்டம் தெரிந்தவர்கள் எழுப்பும் இன்னொரு கேள்வியும் நியாயமானது. சட்டம் சொல்வது முதல் ஒரு மணி நேரத்தை. அந்த நேரத்தில் ரோட்டில் நிற்பவருக்கு எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? என் கருத்தைக் கேட்டால், பட்டியலைத் தேடிக்கொண்டு நிற்கவே வேண்டாம். முதல் சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது என்பதுதான் 1989-லிருந்தே சட்டமாக இருக்கிறதே!

எங்கே கொண்டு போவது?

கடலூர் பக்கம் என்றால் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை. சிதம்பரத்தில் ஊருக்குள் அரசு காமராஜர் மருத்துவமனை, அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவமனை. 1985-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்த அந்த மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசு சுகாதாரத் துறைக்கு மாறிவிட்டது. வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர். இவற்றில் எங்கே என்பதை நீங்கள் யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் வேலை 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் தலைக்காயத்துக்கு ஆபரேஷன் வசதி, எங்கே ஸ்கேன் என்பது ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றால் காத்திருப்பதே நல்லது. கழுத்து, முதுகெலும்பில் அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து, பிழைக்க வேண்டியவரை ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடக் கூடாது பாருங்கள். வர நேரமாகும், ரத்தம் நிற்கவில்லை என்றால்தான் உங்கள் கார்.

அதுவரை என்ன செய்வது? சட்டம் உங்களை டாக்டராக்கவில்லை. ஆனால் இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துண்டையோ துப்பட்டாவையோ மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. குத்திய கம்பி, கண்ணாடித் துண்டு எதையும் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அடைத்துக்கொண்டிருந்த ரத்தம் பீறிடும். மயக்கம், ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கிற மாதிரி இரண்டு மூன்று பேர் சேர்ந்து மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். வாந்தியெடுத்து மூச்சு அடைக்கிறது என்றால் மட்டும், ஒருவர் கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். மூச்சே இல்லை என்றால் நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். எப்படி என்று 108-ல் பேசுகிறவரே சொல்லிக் கொடுப்பார். போனை வைத்துவிடாதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டதா? சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரலை நேரே ஐஸில் போட்டால் கெட்டுவிடும்.

முக்கியமான இன்னொன்று. யாராவது ஒரு பெரியவர் கண்டிப்பாக சோடாவோ தண்ணீரோ வாங்கிக்கொண்டு ஓடி வருவார். மனசு நல்ல மனசுதான். ஆனால் கொடுக்க விடாதீர்கள்! அரை மயக்கத்தில் குடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பதெல்லாம் மேலே வந்து நுரையீரலில் இறங்கும். 'ஐயா, டாக்டர் பார்க்கிற வரைக்கும் வாயில எதுவும் கொடுக்க வேணாம்' என்று பதமாகச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் 'எடுக்க மாட்டோம்' என்றால் வாக்குவாதம் வேண்டாம். நேரம் உங்களிடம் இல்லை. 'முதலுதவி செஞ்சு, மூச்சையும் ரத்தத்தையும் சரிபண்ணி, நீங்களே ஆம்புலன்ஸ்ல அனுப்புங்க' என்று கேளுங்கள். டூட்டி டாக்டர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்து அவசரத்தில் டாக்டர் பார்க்காமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2016 தீர்ப்பு ஏற்ற விதிகளே சொல்கின்றன. பிறகு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். அடிபட்டவரின் குடும்பம் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

வண்டி நம்பர்

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. சட்டம் 'நீங்கள் போகலாம்' என்கிறது. சரி. ஆனால் எல்லோரும் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்?

இடித்துவிட்டுப் பறந்த வண்டி எது என்று தெரியாமலே போனால், அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது 'ஹிட் அண்ட் ரன்' இழப்பீடு மட்டும். உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இதுவும் 25,000, 12,500 என்றுதான் இருந்தது. வண்டி தெரிந்து அதற்கு இன்ஷூரன்ஸும் இருந்தால் கதையே வேறு. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். முப்பது வயது மனிதரை இழந்த வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பிள்ளைகளின் படிப்பே அதில் அடங்கியிருக்கிறது.

அந்த 2 லட்சம்கூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது. அதனால்தான் அதே ராஜசேகரன் வழக்கில் 2024 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் 'இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது' என்று ஸ்டேஷன் அதிகாரியே குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மனு கொடுக்க வேண்டியது கோட்டாட்சியர், தாசில்தார் மட்டத்தில் உள்ள விசாரணை அதிகாரியிடம். உங்கள் தெருவில், உறவில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆகவே நீங்கள் சாட்சிக் கூண்டுக்குப் போக வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தாலும், கண்ணில் பட்ட வண்டி நம்பரை மட்டும் உங்களோடு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். முழு நம்பர் தெரியாவிட்டால் கடைசி நான்கு எண், லாரியா வேனா, என்ன நிறம், எந்தப் பக்கம் போனது, மணி என்ன. இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டூட்டி டாக்டரிடம் கொடுக்கலாம். 112-க்கு போன் செய்து சொல்லலாம். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கேயும் இல்லை.

நேரமும் மனதும் இருந்து, பெயர் கொடுக்கத் தயார் என்றால் இன்னும் நல்லது. 'இன்ன நேரத்தில் இவரைக் கொண்டுவந்து சேர்த்தார்' என்று ஆஸ்பத்திரியில் ஒரு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது விதி. பொன்னான நேரத்துக்குள் உயிர் காத்தவர்களுக்கு மத்திய அரசு 2021-ல் அறிவித்த 5,000 ரூபாய் பரிசு, 2025-ல் 25,000 ஆக உயர்ந்திருக்கிறது. பரிசை நினைத்து யாரும் காரை நிறுத்தப் போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டு கையில் இருந்தால், நாளைக்கு யாராவது 'நீதான் இடிச்சியா?' என்று கேட்டால் காட்டுவதற்கு அதுவே போதும்.